பொன்நிறப் பூச்சில் ஊசித்துளைகள்: அவசர உதவி தேவை

விளக்குப் பட்டறை (நாச்சியார்கோவில்):
வணக்கம். எங்கள் பட்டறையில் விளக்குகளுக்கு வெற்றிடச் சேம்பரில் (காற்றை வெளியேற்றிய மூடிய கலத்தில்) டைட்டானியம் நைட்ரைடு பொன்நிறப் பூச்சுப் போடுகிறோம். பத்து நாளாகப் பூச்சில் கரும்புள்ளிகள் விழுகின்றன. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஊசி குத்திய துளையாகவும், அதைச் சுற்றிப் பால்போல் மங்கிய வளையமாகவும் தெரிகிறது. நைட்ரஜனைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டேன், பயனில்லை. இப்படிக் கெட்ட 12 விளக்குகளை வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்து கொடுத்தாக வேண்டும், தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

முலாம்காரர் (கும்பகோணம்):
விளக்கு எந்த உலோகம், வார்ப்பா தகடா, அடியில் நிக்கல் உண்டா, சேம்பரில் எவ்வளவு சூடு என்று எதையும் நீங்கள் எழுதவில்லை. புள்ளிகள் விளக்கின் எந்தப் பகுதியில் வருகின்றன, நகத்தால் தடவினால் பள்ளமாகப் படுகிறதா மேடாகப் படுகிறதா என்பதையும் சொல்லுங்கள்.

திருவாரூர் வாசகர்:
மழைக்காலக் காற்றின் ஈரம்தான் காரணம் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் சேம்பர்ச் சுவரில் படிந்திருக்கும் பழைய பூச்சு ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது, பம்பு காற்றை இறைத்து வெற்றிடமாக்கவும் நேரமாகிறது. அறைக்கு ஈரம் உறிஞ்சும் கருவி வாங்கி வையுங்கள்.

வெற்றிடம் (திருச்சி):
அடிப்படையைப் படிக்காமல் சேம்பரைத் தொடுகிறவர்களுக்கு இந்தப் புள்ளிகள் புதிராகத்தான் இருக்கும். மின்பொறியால் உலோகத்தை ஆவியாக்கும் ஆர்க் முறையில், இலக்கு எனப்படும் டைட்டானியக் கட்டியிலிருந்து துளிகள் உருகித் தெறிக்கும், பூச்சில் ஒட்டிய துளி பின்னர் உதிர்ந்தால் அந்த இடம் துளையாகும். இதை இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன், பழைய உரையாடல் இழைகளைத் தேடிப் படித்துவிட்டு வந்து கேட்பதே முறை. ஆர்க் கரண்டைக் குறையுங்கள்.

விளக்குப் பட்டறை:
நாச்சியார்கோவில் என்றாலே வார்ப்புப் பித்தளைதானே என்று எழுதாமல் விட்டுவிட்டேன், மன்னியுங்கள். வண்டல் மண் அச்சில் வார்த்து, கடைந்து, பஃபிங் செய்து (மெருகுக் கட்டி தடவிய சக்கரத்தில் மெருகேற்றி), 8 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நிக்கல் முலாம் போட்ட பிறகு சேம்பருக்குப் போகிறது. சூடு 200 டிகிரி. புள்ளிகள் பள்ளமாகத்தான் இருக்கின்றன, தண்டு பாதத்தோடு சேரும் தடித்த கழுத்தில்தான் அதிகம். கரண்டைக் குறைத்தும் மாற்றமில்லை.

முலாம்காரர்:
இந்த விவரத்தோடு பார்த்தால், தம்பி, குறை பூச்சில் இல்லை. ஈரம் புகுந்திருந்தால் நிறம் முழுவதும் பழுப்படித்திருக்கும், ஒரே கழுத்தில் புள்ளிகள் கூடியிருக்க மாட்டா. ஆர்க் துளிகளும் இலக்கைப் பார்த்திருக்கும் பக்கமெல்லாம் விழுமே தவிரக் கழுத்தைத் தேடிப் போகா. நிக்கல் தொட்டியில் ஹைட்ரஜன் குமிழி ஒட்டியிருந்தால் தட்டின் அடிப்புறம் போன்ற கீழ்நோக்கிய முகங்களில்தான் குழி விழும். தடித்த கழுத்து வார்ப்பில் கடைசியாக உறையும் இடம், உலோகம் சுருங்கி நுண்துளைகள் தங்குவதும் அங்கேதான். பஃபிங் சக்கரம் அந்தத் துளைகளின் வாயை இழுத்து மூடி, உள்ளே மெருகுக் கட்டியின் மெழுகுப் பசையையும் அடைத்துவிடுகிறது. மேலே விழும் நிக்கல் பார்வைக்குப் பளபளப்பாக இருந்தாலும், சேம்பரில் சூடேறும்போது மெழுகு ஆவியாகி அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பித்தளையின் துத்தநாகமும் சும்மா இருக்காது, வெற்றிடத்தில் அது தன் உருகுநிலையான 419 டிகிரிக்கு வெகு கீழேயே ஆவியாகும், உங்கள் பால் வளையம் அதனுடையதாகவும் இருக்கலாம். பூச்சின் கனம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு, அது எந்தக் குழியையும் நிரப்பாது.

சோதிக்க ஒரு வழி உண்டு. நிக்கல் போட்ட ஒரு விளக்கை லென்சில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு இலக்கை எரிய விடாமல் சேம்பரில் சூடு மட்டும் கொடுத்து எடுத்துப் பாருங்கள். பத்து நாளுக்கு முன் எதை மாற்றினீர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

வேதியியல் ஆசிரியர் (மன்னார்குடி):
நிக்கலில் துளை இருக்கிறதா என்பதைப் பொட்டாசியம் ஃபெரோசயனைடில் நனைத்த வடிதாளை ஒட்டியும் அறியலாம், செம்பு வெளிவரும் இடத்தில் தாள் செம்பழுப்பாகும். ஏற்கெனவே கெட்ட 12 விளக்குகளைப் பெராக்சைடு கரைசலில் உரித்து மறுபூச்சுப் போடலாம்.

வெற்றிடம்:
12 விளக்குகளையும் உரிப்பது வீண் செலவு. பொன்நிற லாக்கர் வார்னிஷைத் தூரிகையால் தொட்டுவைத்தால் யாருக்கும் தெரியாது.

முலாம்காரர்:
யாருக்கும் தெரியாது என்பதே எனக்கு ஒப்பவில்லை. விளக்கு வீட்டுக்குப் போனதும் எண்ணெய்ப் பிசுக்குப் போகப் புளி போட்டுத் துலக்குவார்கள், புளிக்கரைசல் லாக்கரின் ஓரம் வழியாகத் துளைக்குள் இறங்கும். மேலே இருக்கும் பூச்சு அரிமானத்துக்கு அசையாது, அடியில் இருக்கும் பித்தளைதான் அந்தச் சிறு புள்ளியில் முழுவேகத்தில் அரிக்கப்பட்டுக் களிம்பேறும். ஆசிரியர் ஐயா சொல்லும் உரிப்பும் துளையை அடைக்காமல் செய்தால் ஆபத்துதான், கரைசல் உள்ளே தங்கி அடுத்த சூட்டில் மறுபடி கக்கும்.

வேதியியல் ஆசிரியர்:
ஒப்புக்கொள்கிறேன். துளையை ஈயம் வைத்து அடைத்துவிட்டால் போதாதா?

முலாம்காரர்:
வீட்டுப் பாத்திரத்துக்குப் போதும், சேம்பருக்குப் போதாது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு 183 டிகிரியிலேயே உருகும், இவர் 200 டிகிரி கொடுக்கிறார். பெரிய துளைக்குப் பித்தளை ஆணி அடித்து அரத்தால் சமன்செய்யலாம். நுண்துளைக்கு, முதலில் சூளையில் சேம்பர்ச் சூட்டுக்குக் குறையாமல் சுட்டு உள்ளிருப்பதைக் கக்கவைத்து, கழுவி, கனமாகச் செம்பு முலாம் ஏற்றி மறுபடி பஃபிங் செய்து, அதன்மேல் நிக்கல் போட வேண்டும்.

திருவாரூர் வாசகர்:
ஈரமும் ஒரு காரணம்தான் என்பதை நான் இன்னும் விடவில்லை.

விளக்குப் பட்டறை (ஐந்து நாள் கழித்து):
அண்ணன் சொன்னபடி பூச்சில்லாமல் சூடு மட்டும் கொடுத்தேன். லென்சில் சுத்தமாக இருந்த நிக்கலில் அதே கழுத்தில் வளையங்கள் வந்துவிட்டன. பத்து நாளுக்கு முன் மெருகுக் கட்டியை மாற்றியிருந்தோம், புதியதில் மெழுகு அதிகம். முலாம் போடாத ஒரு வார்ப்பைச் சூளையில் வைத்தபோது கழுத்தெங்கும் கடுகளவு கறுத்த ஈரப் பொட்டுகள் ஊறி வந்தன, பஞ்சில் துடைக்கத் துடைக்க மறுபடி ஊறின. சுட்டு, செம்பு ஏற்றி, 4 புதிய விளக்குகள் போட்டதில் 3 சுத்தமாக வந்தன, ஒன்றில் பாதத்தருகே ஒரு புள்ளி மீதம். பழைய 12 விளக்குகளுக்கு வாடிக்கையாளரிடம் தவணை கேட்டிருக்கிறேன். நன்றி.

முலாம்காரர்:
நல்லது. மீதமான அந்த ஒன்றைச் சூளையில் எவ்வளவு நேரம் வைத்தீர்கள், செம்பு எத்தனை மைக்ரான் ஏறியது?