14 நாளைத் தாண்டினால் ரத்தம் பழசா?

உறைபெட்டி:
பக்கத்து இழையில் செங்குருதி எழுதியிருக்கிறார்: "14 நாள் தாண்டிய சிவப்பணுப் பையை ஏற்றுவது நோயாளிக்குச் செய்கிற துரோகம்." படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. அந்த 14 எங்கிருந்து வந்தது? 2008இல் கிளீவ்லாந்தில், இதய அறுவை செய்துகொண்ட 6,002 பேரின் பதிவுகளைப் பின்னோக்கிப் புரட்டிய ஆய்விலிருந்து. மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் புதிய பை (14 நாள் வரை) வாங்கியவர்களில் 1.7%, அதைவிடப் பழையது வாங்கியவர்களில் 2.8%. யாருக்கு எந்தப் பை என்று குலுக்கிப் பிரிக்கவில்லை. பிறகு குலுக்கிப் பிரித்தே பார்த்தார்கள். ஏபிள் ஆய்வு (2015): ஐ.சி.யூ. நோயாளிகள் 2,430 பேர், சராசரி 6 நாள் பை எதிர் 22 நாள் பை. 90 நாளில் இறப்பு 37.0% எதிர் 35.3%. டிரான்ஸ்ஃப்யூஸ் ஆய்வு (2017), ஏறக்குறைய 5,000 பேர்: 24.8% எதிர் 24.1%. புதுசு யாரைக் காப்பாற்றியது?

செங்குருதி:
22 என்பது சராசரி, ஐயா. சராசரி! அணுக்களைக் காக்கும் எஸ்.ஏ.ஜி.எம். கரைசல் சேர்த்த பையின் ஆயுள் 42 நாள். 22இல் தேறியதைக் காட்டி 42க்குச் சான்றிதழ் கொடுக்கிறீர்கள். ஆக்சிஜனை விடுவிக்க உதவும் 2,3-டி.பி.ஜி. என்ற பொருள் இரண்டு வாரத்தில் ஏறக்குறையக் காலி, ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும், திசுவுக்கு விடாது. 2017இல் ஆரோக்கியமானவர்களுக்கு 1 முதல் 6 வாரம் வரை வைத்திருந்த சிவப்பணுக்களை ஏற்றிப் பார்த்தார்கள். 6 வாரப் பை போனவர்களுக்கு உடலுக்குள் அணுச் சிதைவு கூடி, இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தில் ஒட்டாத இரும்பு ரத்தத்தில் ஏறியது. 22 சராசரி இதைக் காட்டுமா?

உறைபெட்டி:
டி.பி.ஜி. பாடம் எனக்கு வேண்டாம். ஏற்றிய மறுநாளுக்குள் பாதி மீள்கிறது, இரண்டு மூன்று நாளில் மிச்சமும் வந்துவிடும். 35 நாளுக்கு மேல் என்ன ஆகும் என்று கேட்பீர்கள் என்று தெரியும். புதுசா பழசா என்று குலுக்கிப் பிரித்த இன்ஃபார்ம் ஆய்வின் தரவை 2017இல் மறுபடி அலசி அதையும் பார்த்தாயிற்று. இறப்பு கூடவில்லை.

செங்குருதி:
அந்த மறு அலசலில் 35 நாள் தாண்டிய பையைக் குலுக்கியா கொடுத்தார்கள்? இல்லை. கிளீவ்லாந்து ஆய்வைத் தள்ள நீங்கள் சொன்ன காரணம் இங்கே மட்டும் எங்கே போனது? உங்களுக்கு வேண்டியது வந்தால் ஆதாரம், எனக்கு வேண்டியது வந்தால் பதிவேட்டுப் புரட்டலா?

தட்டணு:
பையின் வயதையே சுற்றுகிறீர்கள். கொடுத்தவர் யார் என்பது கணக்கில் இல்லையா? ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவரின் அணுக்கள் ஏற்றிய பிறகு சீக்கிரம் போய்விடும். ஆண்களின் அணுக்கள் பைக்குள்ளேயே கூடுதலாகச் சிதைகின்றன. பெண்கள் கொடுத்த ரத்தத்தில் இறப்பு அதிகம் என்று முன்பு சொன்னார்கள். 2023இல் 8,719 பேரைக் குலுக்கிப் பிரித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசமே இல்லை.

உறைபெட்டி:
தட்டணு, பிளேட்லெட்டை ஃப்ரிட்ஜில் வைத்தால் என்ன என்று போன இழையில் சண்டை போட்டவர் நீங்கள்தானே? வழக்கமாக 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே வைப்பது அது. முதலில் அதைத் திருத்துங்கள்.

பையைக் கெடுப்பது எது என்று யாரும் பேசவில்லை, நானே சொல்கிறேன். 450 மி.லி. சி.பி.டி.ஏ. பையில் ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் கலவை 63 மி.லி.; ரத்தம் குறைவாக எடுத்தால் சிட்ரேட் மிகுந்துபோகும். எடுக்கும்போது ஆட்டாவிட்டால் கட்டி. எடுத்துப்போகும்போது பனிக்கட்டியின் மேல் நேராக வைத்தால் உறைந்து அணு உடையும். சூடுநீரில் முக்கினாலும் அதேதான். குளிரிலிருந்து எடுத்த 30 நிமிடத்துக்குள் தொடங்கி, 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதே குழாயில் 5% டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை நீர்) விட்டால் அணு வீங்கி வெடிக்கும். ரிங்கர் லாக்டேட் திரவத்தில் உள்ள கால்சியம் ரத்தத்தை உறைய வைக்கும். நார்மல் சலைன் (உப்பு நீர்) மட்டும்தான். இத்தனை தவறும் 3 நாள் பையிலும் நடக்கும், செங்குருதி! புதுசுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அலமாரியில் மிச்சப் பைகள் காலாவதியாகும்.

குழியம்:
அணு அல்ல, செங்குழியம் என்று எழுதுங்கள். அணு என்றால் வேறு.

செங்குருதி:
இப்போது இதுவா முக்கியம்? பை பழசாகப் பழசாக அணுவிலிருந்து கசியும் பொட்டாசியத்தைப் பற்றி என்ன சொல்கிறீர்கள், உறைபெட்டி? 42ஆம் நாளில் அணுக்களுக்கு மேல் நிற்கும் மேல்நீரில் லிட்டருக்கு 50 மில்லிமோல்!

உறைபெட்டி:
லிட்டருக்கு! பையில் இருக்கிற மேல்நீர் எவ்வளவு? மொத்தமே 5 முதல் 7 மில்லிமோல். பெரியவர்களுக்கு இரண்டு மணி நேரத்தில் மெல்ல ஏற்றினால் ஒன்றும் ஆகாது. பச்சைக் குழந்தைக்கு ரத்தம் மாற்றும்போதுதான் ஆபத்து. அதற்குத்தான் 5 நாளுக்கு உட்பட்ட பை, அதற்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் என்று விதி இருக்கிறது.

செங்குருதி:
ஆக, பச்சைக் குழந்தைக்குப் புதுசு வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

உறைபெட்டி:
குழந்தைக்கு! நீங்கள் எழுதியது எல்லோருக்கும். பேச்சை மாற்றாதீர்கள்.

தட்டணு:
ஏபிளில் புதுசு என்றால் 8 நாளுக்குள். இதே கேள்வியைப் பார்த்த ரீசெஸ் ஆய்வில் 10 நாள் வரை. இன்ஃபார்மில் அன்றைக்கு இருந்ததிலேயே இளைய பை. நீங்கள் இருவரும் எதைப் பழசு என்கிறீர்கள்?

செங்குருதி:
22 என்பது சராசரி. அதற்கு முதலில் உறைபெட்டி பதில் சொல்லட்டும்.

உறைபெட்டி:
மூன்று முறை சொல்லியாயிற்று. மேலே போய்ப் படியுங்கள்.