நம் மலேசிய நாட்டுக் கப்பல்கள் எங்கே போயின? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

பட்டர்வொர்த் கிராணி:
நம் நாட்டுக் கப்பல் நிறுவனமான எம்.ஐ.எஸ்.சி. 2011 நவம்பரில் கன்டெய்னர் (சரக்குப் பெட்டி) தொழிலை விடுவதாக அறிவித்ததும், மறு ஆண்டே அந்தக் கடையைக் கட்டியதும் இங்குள்ளவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒருநாள், முகவர் அலுவலகக் காகிதங்களோடு வடக்கு பட்டர்வொர்த் முனையத்தில் நின்றேன். எதிரே இருந்த கப்பலின் பின்புறத்தில் பதிவுத் துறைமுகமாக லைபீரியாவின் 'மொன்ரோவியா' என்று புதுச் சாயம் பளபளத்தது. வெயில் சாய்ந்து விழுந்தபோது, அதற்கு அடியில் பற்றவைத்த பழைய எழுத்துகள் மேடிட்டுத் தெரிந்தன: நம் 'போர்ட் கிளாங்'. தேய்த்து எடுக்கக்கூட யாருக்கும் பொறுமை இல்லை! நம் சரக்கை நம் கப்பலிலேயே ஏற்ற வேண்டும் என்று 1968-இல் தொடங்கிய நிறுவனம். எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

ஆயர் ஈத்தாம் அக்கா:
என் தம்பி கடல் அதிகாரிப் படிப்பின் வகுப்புகளை முடித்துவிட்டு, பயிற்சிக்குக் கப்பல் கிடைக்காமல் வீட்டில் இருந்தான். கட்டிவைத்த பை கதவோரம் கிடந்தது. தீபாவளி நேரத்தில் அம்மா முறுக்கு டின்னை அதன்மேல் வைத்துவிட்டார். அதுவரை வாய் திறக்காதவன், "அது என்ன மேசையா?" என்று கத்தினானே, அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

செந்தூல் பொறியாளர்:
கிராணி ஐயா, ஆத்திரம் வேறு, கணக்கு வேறு. 2008-க்குப் பிறகு சரக்குக் கட்டணம் விழுந்தது. பெரிய நிறுவனங்கள் இன்னும் பெரிய கப்பல்களை இறக்கின. அதில் நம்மவர்கள் நட்டத்தைச் சுமந்துகொண்டே இருந்திருக்க வேண்டுமா? விற்றது பெட்டிக் கப்பல்களைத்தான். சரவாக்கின் பிந்துலுவிலிருந்து ஜப்பானுக்கு 1983-இல் தொடங்கிய எரிவாயுக் கப்பல் ஓட்டம் நிற்கவில்லை.

அரசு கைவிட்டது என்று பலர் சொல்வதும் அரைகுறைப் பேச்சு. கப்பல் வருமானத்துக்கு வரிவிலக்கு உண்டு. உள்நாட்டுத் துறைமுகங்களுக்கு இடையே போகும் சரக்கு நம் கொடிக் கப்பலுக்கே (இங்கே பதிவான கப்பலுக்கே) என்ற விதி 1980 முதல் இருந்தது. அதன் பலனைக் கோத்தா கினபாலுவில் பார்த்தேன். நான் கப்பல்காரன் என்று தெரிந்ததும் ஒரு மளிகைக்காரர் சலவைத்தூள் பொட்டலத்தை என் முகத்துக்கு நேரே நீட்டி, விலையைப் படிக்கச் சொன்னார்; அந்த விதியால்தான் விலை ஏறியது என்பது அவர் கோபம். 2017 ஜூனில் சபா, சரவாக், லாபுவானுக்கு அந்த விதியைத் தளர்த்தினார்கள்.

அக்கா, தம்பியிடம் சொல்லுங்கள். பெட்டிக் கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டாம். அதிகாரிச் சான்றிதழுக்கு, அங்கீகரித்த பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தால் 12 மாதக் கடல் சேவை போதும், இல்லையேல் 36 மாதம். பயிற்சிப் பதிவேட்டில் ஒவ்வொரு பணிக்கும் அன்றன்றே கையெழுத்து வாங்க வேண்டும், கரை இறங்கியபின் யாரும் போட்டுத்தர மாட்டார்கள். எண்ணெய்க் கப்பல், எரிவாயுக் கப்பல் இரண்டுக்கும் அடிப்படைப் பயிற்சி தனித்தனி; இரண்டையும் முடித்துவிடட்டும். மருத்துவச் சான்றிதழ் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளட்டும். கொடி எதுவென்று பார்க்காமல் விண்ணப்பிக்கட்டும்.

பட்டர்வொர்த் கிராணி:
பொறியாளரே, உள்நாட்டு விதியால் இழுவைப் படகுக்காரர்கள் பிழைத்தார்கள். ஐரோப்பா போகும் பெட்டியை ஏற்ற அந்த விதி என்ன செய்தது? என் ஆத்திரம் அதைப் பற்றித்தான். அறிவுரையை யார் கேட்டது?

ஆயர் ஈத்தாம் அக்கா:
சண்டை வேண்டாம். தம்பி போன வருடமே சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் சேர்ந்துவிட்டான். கப்பலின் கொடி பனாமா. எரிவாயுப் பயிற்சி பற்றி அவனிடம் சொல்கிறேன், ஐயா.