ஹைட்ரஜனுக்கு பிளாட்டினம் வேணாம், நிக்கலும் இரும்பும் போதும்: சரியா தப்பா?

ஏற்காட்டுக்காரன்:
தண்ணியைப் பிரிச்சு ஹைட்ரஜன் எடுக்க விலை கூடின பிளாட்டினமும் இரிடியமும் வேணும்னு இன்னும் எத்தனை நாளைக்குப் பயமுறுத்துவாங்க? 2014லயே சுவிட்சர்லாந்துல பெரோவ்ஸ்கைட்ங்கிற படிகப் பொருள்ல செஞ்ச சோலார் செல்லோட நிக்கல்-இரும்பு வினையூக்கியைச் சேர்த்து, விழுந்த வெயில்ல 12.3 சதவீதத்தை ஹைட்ரஜனா மாத்திட்டாங்க. நமக்கு வெயிலுக்கா பஞ்சம்? சேலம் பக்கத்துக் கஞ்சமலையில இரும்பு வேற கிடக்கு.

கணக்குப்பிள்ளை:
மின்தகட்டுல பூசுற ஒரு சிட்டிகை வினையூக்கிக்கு மலையைத் தோண்டணுமாங்க? காரக் கரைசல்ல ஓடுற எலக்ட்ரோலைசர்ல, அதான் கரண்ட் விட்டு தண்ணியைப் பிரிக்கிற மெஷின்ல, ரொம்ப காலமா நிக்கல்தான். உலோக விலையை விடுங்க. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட் கரண்ட் போகுது. அந்த ஒரு கிலோவுக்குள்ள இருக்கிறது 33 யூனிட்தான்.

ஏற்காட்டுக்காரன்:
அந்த 50ஐக் குறைக்கத்தானே வினையூக்கி! 1.23 வோல்ட்ல பிரிய வேண்டிய தண்ணி 1.8 வோல்ட் கேட்குது. நடுவுல இருக்கிறதெல்லாம் தண்டம்.

முலாம் பட்டறை:
சேலம் செவ்வாய்பேட்டையில இருந்து எழுதறேன். பையன் ஸ்கூல் புராஜெக்டுக்குன்னு ரெண்டு எவர்சில்வர் ஸ்பூனை உப்புத்தண்ணியில போட்டு, முலாம் பூசக் கரண்ட் கொடுக்கற என் ரெக்டிஃபையர்ல மாட்டிட்டான். ஒரு ஸ்பூன்ல பொங்கப் பொங்க நுரை. இன்னொண்ணு அரிச்சுப் போய், தண்ணி காவி நிறத்துல கலங்கிடுச்சு, பிளீச்சிங் பவுடர் நெடி வேற. அது குளோரின். எவர்சில்வர்ல இருக்குற குரோமியமும் கரையும், அது புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். யாரும் வீட்ல செஞ்சு பாக்காதீங்க.

ஏற்காட்டுக்காரன்:
உப்பு போட்டதுதான் தப்புங்க. பொட்டாசியம் ஹைட்ராக்சைடுங்கிற காரத்துல ஓட்டணும். வேடிக்கை என்னன்னா, சுத்தமான நிக்கல் சுமாராத்தான் ஓடும். காரத்துல அழுக்கா வந்து ஒட்டுற துளி இரும்புதான் அதை முடுக்கி விடுது.

முலாம் பட்டறை:
அட! எங்க நிக்கல் தொட்டியில இரும்பு கலந்தா முலாம் சொரசொரப்பாயிடும், தொட்டியையே சுத்தம் பண்ணணும். அங்க அதுவே மருந்தா?

கணக்குப்பிள்ளை:
மருந்து சரி, மேகம் வந்தா? ஏற்காட்டுல மதியமே மூடுபனி இறங்கும். கரண்ட் நின்னதும் தகடுகளுக்குள்ள எதிர்த்திசையில மின்சாரம் ஓடி பூச்சைக் கெடுக்கும். தினம் சாயங்காலமும் இதே கதை. நீங்க சொன்ன பெரோவ்ஸ்கைட்டோ ஈரம் பட்டாலே போச்சு. தண்ணி பிரிக்கிற இடத்துல ஈரம் இல்லாம இருக்குமா?

ஏற்காட்டுக்காரன்:
செல்லை மூடி வைக்கலாம், தகட்டுக்குக் கொஞ்சம் பேட்டரி கொடுத்துத் தாங்கலாம்.

கணக்குப்பிள்ளை:
பேட்டரி விலையையும் சேர்த்துச் சொல்லுங்க.

முலாம் பட்டறை:
கரண்ட் விட்டு விட்டு வந்தா எங்க நிக்கலும் அடுக்கடுக்கா உரியும்ங்க. அதனால கட் ஆனதுமே ஓடிப்போய் சரக்கைத் தூக்கிடுவோம். உங்க தகட்டை தினம் சாயங்காலம் யாரு தூக்கறது?