ஓடக் கற்றுக்கொண்ட காலம்: ஐந்து பேரின் அனுபவங்கள்

பெசன்ட் நகர், சென்னை

புதிதாக ஓடத் தொடங்குபவருக்கு முதல் மாதத்தைவிட மூன்றாவது மாதமே ஆபத்தானது என்பது என் அனுபவம். முதல் மாதத்தில் மூச்சு வாங்குவதால் உடலே நம்மை நிறுத்திவிடுகிறது. மூன்றாவது மாதத்தில் மூச்சு பழகிவிடுவதால் நம்மை நிறுத்துவதற்கு எதுவும் இருப்பதில்லை. கால் எலும்புகளோ அதற்குள் தயாராகியிருப்பதில்லை.

நாற்பதைத் தாண்டிய பிறகு ஓட வந்தவன் நான். ஆண்டுப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 6.1 விழுக்காடு என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருப்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை என்றும், மாத்திரைக்கு முன் வேறு வழிகள் இருக்கின்றன என்றும் மருத்துவர் சொன்னார். நடைப்பயிற்சியில் எனக்குச் சலிப்புத் தட்டியதால், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாதவர்களுக்காக அமெரிக்கரான ஜாஷ் கிளார்க் 1996இல் தம் தாயாரை மனத்தில் வைத்து வகுத்த ஒன்பது வாரத் திட்டத்தைக் கைபேசிச் செயலி ஒன்றின் உதவியோடு பின்பற்றினேன். முதல் வாரத்தில் ஐந்து நிமிட வேக நடைக்குப் பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என இருபது நிமிடம் மாறி மாறிச் செய்ய வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் போதும். படிக்கும்போது எளிதாகத் தோன்றும் அந்த ஒரு நிமிடம், எலியட்ஸ் கடற்கரைச் சாலையில் ஓடும்போது முடிவதே இல்லை.

இந்தத் திட்டத்தின் ஐந்தாவது வாரத்தில் புதியவர் பலரும் தயங்கி நிற்கும் ஓர் இடம் உண்டு. அந்த வாரத்தின் இரண்டாம் நாளில் எட்டு நிமிட ஓட்டம் இரண்டு முறை, நடுவில் ஐந்து நிமிட நடை. மூன்றாம் நாளிலோ நடையே இல்லாமல் இருபது நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டும். அந்த நாளைப் பலமுறை தள்ளிப்போட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஓடிப் பார்த்தேன். ஷ்மிட் நினைவுச் சின்னத்தைக் கடப்பதற்குள் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. வெள்ளை கேன்வாஸ் ஷூவும் வெளுத்துப்போன அரைக்கால் சட்டையும் அணிந்த பெரியவர் ஒருவர், எழுபது வயதுக்குக் குறையாதவர், என் பக்கத்தில் வந்து, “தம்பி, யாரையாவது துரத்திக்கிட்டுப் போறீங்களா?” என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. “என்கூடப் பேசிக்கிட்டே வாங்க. ஒரு வாக்கியத்தை முழுசாச் சொல்ல முடியலைன்னா வேகத்தைக் குறைச்சுக்கலாம்” என்றார். பிறகு பேத்தியின் கல்லூரிச் சேர்க்கை, திருவான்மியூர்ச் சந்தையில் மீன் விலை, தமக்குச் செய்துகொண்ட கண்புரை அறுவை எனப் பேசிக்கொண்டே வந்தார். எங்களை நடந்து செல்பவர்கள்கூட முந்திவிடுவார்கள் போலிருந்தது. செயலி நேரம் முடிந்துவிட்டதாக அறிவித்தபோது, நான் என் மூத்த மகனின் கணக்குப் பாடத்தைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் இருந்த உற்சாகத்தை எப்படிச் சொல்வது! இருபது நிமிடம் முப்பதாயிற்று. ஐந்து கிலோமீட்டர் கைக்கெட்டியது. ஓய்வு நாட்களிலும் ஓடத் தோன்றியது. சரியாக அந்தச் சமயத்தில்தான் வலது முன்னங்கால் எலும்பின் உட்பக்க விளிம்பில் வலி தொடங்கியது. முதலில் ஓடத் தொடங்கும்போது மட்டும் இருந்தது. பிறகு ஓடி முடித்த பின்னும் இருந்தது. கடைசியில் மாடிப்படி இறங்கும்போதுகூட வந்தது. இயன்முறை மருத்துவர் கட்டைவிரலால் எலும்பின் விளிம்பு நெடுகிலும் அழுத்திக்கொண்டே வந்து, எங்கெங்கே வலிக்கிறது என்று கேட்டார். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது ஷின் ஸ்பிளிண்ட்ஸ் என்னும் முன்னங்கால் வலி. விரல் நுனி அளவுள்ள ஒரே இடத்தில் சுரீரென்று வலித்தால் எலும்பில் நுண்முறிவு இருக்கக்கூடும், அப்போது ஸ்கேன் எடுக்காமல் ஓர் அடிகூட ஓடக் கூடாது என்று விளக்கினார். என்னுடையது முதல் வகை.

அவர் சொன்ன காரணம் எனக்கு மிகவும் தெளிவாகப் பட்டது. தொடர்ந்து ஓடுபவரின் இரத்த ஓட்டமும் இதயமும் சில வாரங்களிலேயே மேம்படுகின்றன. எலும்போ தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும்போது, முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டுப் பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. அந்த வேலை முடிய மாதங்கள் பிடிக்கும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு வழக்கத்தைவிடச் சற்றுப் பலவீனமாகவே இருக்கிறது. ஆகவே, ‘இனி எவ்வளவு தூரமும் ஓடலாம்’ என்று மூச்சு சொல்லும் அதே நாட்களில்தான் கால் ‘பொறு’ என்கிறது. ஏற்றத்துக்குப் பின்னாலேயே இறக்கம் வந்ததை நான் அதுவரை துரதிர்ஷ்டம் என்றே நினைத்திருந்தேன். அதன் பின் அப்படி நினைப்பதில்லை.

சில வாரங்கள் ஓட்டத்துக்குப் பதிலாக மிதிவண்டி. நாள்தோறும் படியின் விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்கும் கெண்டைக்கால் பயிற்சி. பிறகு மறுபடியும் ஒரு நிமிட ஓட்டத்திலிருந்து தொடக்கம். அதற்குள் அக்கினி நட்சத்திரமும் வந்துவிட்டது. கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விப்பதுமில்லை. உடல் வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்குக் கூடுதல் இரத்தத்தை அனுப்ப வேண்டியிருப்பதால், பிப்ரவரியில் ஓடிய அதே வேகத்துக்கு மே மாதத்தில் இதயம் மிக அதிகமாகத் துடிக்கும். அந்த மாதங்களில் கைக்கடிகாரத்தில் வேகத்தைப் பார்ப்பதையே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.


ரேஸ் கோர்ஸ், கோயம்புத்தூர்

மேலே எழுதியவருக்கு மூச்சு பழகிவிட்டது. எனக்கு அது பழகவே இல்லை. ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் காலமாயிற்று.

பள்ளி ஆசிரியையான நான், இரண்டாவது குழந்தை பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய பிறகு ஓட ஆரம்பித்தேன். ரேஸ் கோர்ஸ் நடைபாதையின் ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். விடியற்காலையில் நடப்பவர்களின் கூட்டம் எப்போதும் இருப்பதால் பெண்கள் தனியாக வரலாம் என்ற நிம்மதி அங்கே உண்டு. பார்வைகள் மட்டும் எங்கும்போல அங்கும் உண்டு. பொருத்தமான ஸ்போர்ட்ஸ் பிரா இல்லாமல் ஓடினால் வலியும் கூச்சமும் சேர்ந்து பத்தே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடும் என்பதைப் பெண்களுக்கான ஓட்டக் குறிப்புகள் பலவும் சொல்லாமல் விடுகின்றன. ஷூவுக்குச் செலவு செய்வதற்கு முன் இதற்குச் செலவு செய்யுங்கள் என்பேன்.

மெதுவாக ஓடினாலும் அரைச் சுற்றிலேயே நெஞ்சு படபடத்தது. படியேறினால் கால் கனத்தது. வயது, உறக்கக் குறைவு, சோம்பல் என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சேலையும் ஷூவுமாக நாள்தோறும் நடக்க வரும் ஓர் அம்மா, நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அருகில் அமர்ந்து, “ஏங் கண்ணு, மூஞ்சி வெளுத்தாப்புல இருக்குதே, ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?” என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் என் கீழிமையை இழுத்துப் பார்த்துத் தலையை அசைத்தார். அவர் ஓய்வுபெற்ற செவிலியர் என்பது பின்னர்தான் தெரிந்தது.

ஹீமோகுளோபின் 9.4 இருந்தது. கருவுறாத பெண்களுக்கு 12க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அப்படியானால் ஓட வந்து ‘என்னால் முடியவில்லை’ என்று திரும்பிப் போகும் பெண்களில் எத்தனை பேர் தங்கள் மனவுறுதியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். தசைகளுக்கு ஆக்சிஜனைச் சுமந்து செல்வதே ஹீமோகுளோபின்தான். அது குறைந்திருக்கும்போது மனவுறுதி என்ன செய்யும்?

மாதவிடாயில் மிகுந்த இரத்தப்போக்கு இருந்ததற்கும் சேர்த்து மருத்துவம் நடந்தது. இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பி, தேநீரோடு சேர்க்கக் கூடாது என்பதும், எலுமிச்சைச் சாறு போன்ற வைட்டமின் சி உள்ளதோடு எடுத்தால் நன்றாக உட்கிரகிக்கப்படும் என்பதும் அப்போது அறிந்தவை. காலைக் காப்பியைத் தள்ளிவைத்ததுதான் மொத்தச் சிகிச்சையிலும் கடினமான பகுதி. சில மாதங்களில் அளவு 12ஐத் தாண்டியது. ஒரு நாள் ஒரு முழுச் சுற்றையும் நிற்காமல் முடித்தபோது, அந்த அம்மாவைத் தேடிப் போய்ச் சொன்னேன். “அப்பறமென்ன, இன்னொரு சுத்துப் போ” என்றார்.


வண்டியூர், மதுரை

ஓட்டத்தில் எனக்கு நேர்ந்த பின்னடைவுக்கும் உடல் தகுதிக்கும் தொடர்பில்லை, நாய் கடித்தது. விடியற்காலை இருட்டில் ஏரிக்கரைப் பக்கம் திரும்பியபோது இரண்டு நாய்கள் துரத்தின. ஒன்று கெண்டைக்காலைக் கவ்வியது. டீக்கடைக்காரர் ஓடிவந்து நாய்களை விரட்டிவிட்டு, மஞ்சள் பொடி கொண்டுவரச் சொன்ன ஒருவரை அதட்டி, துணி துவைக்கும் சோப்பைக் கொடுத்து என்னைக் குழாயடியில் உட்காரவைத்தார். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவதுதான் முதல் சிகிச்சை என்பதை அரசு மருத்துவமனையிலும் சொன்னார்கள். இரத்தம் வந்த காயம் என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பொருள் ஊசி போட்டார்கள்; தோலுக்குள் போடும் தடுப்பூசியை நாய் கடித்த அன்றும், 3, 7, 28 ஆகிய நாட்களிலும் போட்டார்கள். ஒரு தவணையையும் விடக் கூடாது; வெறிநாய்க்கடி நோய் வந்தபின் அநேகமாக உயிர் தப்ப முடியாது.

காயம் ஆறிய பின்னும் அந்தத் தெருமுனையில் கால் தானாக நின்றுவிடும். “அண்ணே, ஓடுறதாலதான் அது துரத்துது. நின்னுருங்க, கண்ணைப் பாக்காதீங்க, மெதுவா நடந்து போயிருங்க” என்று அதே டீக்கடைக்காரர்தான் சொல்லிக்கொடுத்தார். இப்போது அந்த இடத்தை நடந்தே கடக்கிறேன். என் ஐந்து கிலோமீட்டர் நேரத்தில் அந்த நடையும் சேர்ந்தே கணக்காகிறது, பரவாயில்லை.


புதுக்கோட்டை

நான் உடல்நலத்துக்காக ஓடத் தொடங்கியவன் அல்லன், காவலர் தேர்வுக்காக. ஆண்கள் 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். 400 மீட்டர் தடத்தில் அது மூன்றே முக்கால் சுற்று. ஒரு சுற்றுக்கு 112 விநாடி. எழுதிப் பார்த்தால் தாராளமான நேரம். தேர்வன்று எங்கள் தொகுதியில் அத்தனை பேரும் முதல் சுற்றை 80 விநாடியில் பறந்து கடந்தோம்; கடைசிச் சுற்றில் பாதிப் பேர் நடந்தோம். எனக்குச் சில விநாடிகளில் வாய்ப்புப் போயிற்று.

அடுத்த தேர்வுக்கு முன் எங்கள் ஊர் மைதானத்தில் ஒரு பயிற்சியாளரிடம் சேர்ந்தேன். புவனேஸ்வரத்தில் 2017இல் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற கோ. லட்சுமணன் எங்கள் மாவட்டத்துக்காரர் என்பதால், இங்கே நீண்ட ஓட்டத்துக்கு ஒரு மரியாதை உண்டு. மறு ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவர் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், ஓடும்போது தடத்தின் உள்விளிம்புக்கு அப்பால் கால் பட்டதற்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். வளைவில் கோட்டை மிதிப்பவர்களைப் பார்த்தால் எங்கள் பயிற்சியாளர் இந்தக் கதையைத்தான் சொல்லுவார். வேறு திட்டு எதுவும் தேவைப்படாது.

வாரத்தில் பெரும்பாலான நாட்கள் அவர் எங்களை எரிச்சல் வரும் அளவுக்கு மெதுவாக ஓடவிட்டார். ஒரே ஒரு நாள்தான் வேகம்: 400 மீட்டர், சற்று நடை, மறுபடி 400. ஒவ்வொரு சுற்றும் 105 விநாடிக்கும் 110 விநாடிக்கும் நடுவில் இருக்க வேண்டும். 98இல் வந்தவனையும் 115இல் வந்தவனையும் ஒரே மாதிரி கடிந்துகொள்வார். “டேய், வேகமா ஓடுறது யாருக்கும் வரும். சொன்ன நேரத்துக்கு வா” என்பார். மழையில் தடம் சேறாகி இரண்டு வாரம் போனதும், காய்ச்சலில் படுத்து எழுந்தபின் பழைய நேரத்தை எட்ட ஒரு மாதம் ஆனதும் இதற்கு நடுவில் நடந்தவை. இரண்டாவது தேர்வில் முதல் சுற்றில் நான் கடைசி ஆளாக இருந்தேன். தடத்தைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தது காதில் விழுந்தது. 6 நிமிடம் 41 விநாடியில் முடித்தேன்.


வேளச்சேரி, சென்னை

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் முதன்முறையாகப் பத்து கிலோமீட்டருக்குப் பதிவு செய்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நம் ஊரில் இதற்கான பயிற்சியின் முக்கியமான மாதங்கள் வடகிழக்குப் பருவமழையில் சிக்கிக்கொள்ளும். எங்கள் பகுதியில் தெருவே தெரியாத அளவுக்குத் தண்ணீர் நிற்கும் நாட்களில் ஓடுவது வீரம் அல்ல. மூடியில்லாத சாக்கடையும் அறுந்து கிடக்கும் மின்கம்பியும் கண்ணுக்குத் தெரியாது. அந்த வாரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டும் வீட்டுக்குள் செய்யும் ஸ்குவாட்டுமே எனக்குக் கை கொடுத்தன. விடுபட்ட கிலோமீட்டர்களை மழை விட்ட வாரத்தில் மொத்தமாக ஓடித் தீர்க்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பெசன்ட் நகர் நண்பர் எழுதிய முன்னங்கால் வலி அங்கேதான் காத்திருக்கிறது.

போட்டி நாளுக்கென்று புது ஷூ, புது பனியன் எதுவும் வேண்டாம். தொடை இடுக்கிலும் அக்குளிலும் வாஸலின் தடவிக்கொள்ளுங்கள். ஆண்கள் மார்புக் காம்புகளில் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளுங்கள். ஏழாவது கிலோமீட்டருக்கு மேல் உப்பு வியர்வையும் துணியும் உராய்ந்து இரத்தம் வரும் என்பதை நான் வெள்ளை பனியனில் அறிந்தேன். கழிப்பறை வரிசைக்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஒன்பது நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று தொடக்கத்திலிருந்தே மாற்றி மாற்றிச் சென்றேன். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே பரப்பிய முறை இது. களைத்த பின் நடப்பது வேறு, களைப்பதற்கு முன்பே நடப்பது வேறு. முதல் நடை இடைவெளியில் என்னைக் கடந்து சென்ற இளைஞர்கள், “கமான் அங்கிள், நிக்காதீங்க!” என்று ஊக்கப்படுத்தினார்கள். எட்டாவது கிலோமீட்டரில் அவர்களில் இருவர் நடைபாதை ஓரம் அமர்ந்திருந்தார்கள்; நானும் அதே வாசகத்தைத் திருப்பிச் சொல்லிவிட்டுக் கடந்தேன். முடிக்க ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாயிற்று. ஹாஃப் மாரத்தானுக்கு இந்த ஆண்டே பதிவு செய்யும்படி நண்பர்கள் நச்சரிக்கிறார்கள். இன்னும் ஓராண்டு பத்திலேயே இருக்கப் போகிறேன்.