புதுப்பிப்பு: கார் இல்லாமல் சப்போரோவின் மொய்வா மலையுச்சிக்குச் செல்வது

வாடகைக் கார் இல்லாமல், ஜப்பானின் சப்போரோ நகரிலுள்ள கேளிக்கைப் பகுதியான சுசுகினோவிலிருந்து 531 மீட்டர் உயரமுள்ள மொய்வா மலையின் உச்சிக்கு, அந்திக்குள் எப்படிப் போய்ச் சேரலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

சுரங்க ரயிலும் டாக்சியும் வேண்டாம், டிராமே போதும் என்று ஒருவர் சொன்ன வழிதான் கைகொடுத்தது. 2015 டிசம்பரிலிருந்து டிராம் பாதை முழு வட்டமாக இருப்பதால், எந்தத் திசையில் ஏறினாலும் 'ரோப்வே இரிகுச்சி' நிறுத்தத்தை அடையலாம். கட்டணத்தை இறங்கும்போது ஓட்டுநர் அருகிலுள்ள பெட்டியில் செலுத்த வேண்டும், ஐசி அட்டையும் (முன்பணம் ஏற்றி, தொட்டுச் செலுத்தும் பயண அட்டை) செல்லும். நிறுத்தத்துக்கு அருகிலிருந்து ரோப்வேயின் (கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் ஊர்தி) அடிவார நிலையம்வரை இலவசப் பேருந்து ஓடுகிறது.

நான் எதிர்பாராதது ஒன்று: ரோப்வே உச்சிவரை செல்வதில்லை. மலையின் நடுவில் இறங்கி, தண்டவாளத்தில் செங்குத்தாக ஏறும் சிறிய கேபிள் காருக்கு மாற வேண்டும். ஆகவே பயணச்சீட்டு வாங்கும்போதே இரண்டுக்கும் சேர்த்து, போக வர வாங்கிக்கொள்வது நல்லது.

உச்சியில் திறந்தவெளித் தளம் என்பதால் காற்று பலமாக வீசும். கோடையிலும் மேலாடை அவசியம். பொழுது சாயச் சாய, கட்டம் போட்டதுபோல் நேர்கோடாக ஓடும் நகரத் தெருக்களில் விளக்குகள் வரிசை வரிசையாக எரியத் தொடங்குவதைக் காண, சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பே மேலே இருப்பது மிகவும் பயன்தரும். பலத்த காற்றில் ரோப்வே நிறுத்தப்படும் என்பதால், புறப்படும் முன் அன்றைய இயக்க நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.