எஞ்சினியரிங்கோடு வரலாறும் படிக்கலாமா? 3+2 முறை பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

கேள்வி: மானிப்பாய்_அக்கா

தங்கச்சி கணிதப் பிரிவில ஏ.எல். எழுதிப்போட்டு இருக்கிறாள். சிவில் எஞ்சினியரிங் செய்ய ஆசை, ஆனால் வரலாற்றை விட மனமில்லை. அமெரிக்காவில '3+2' எண்டு ஒண்டு இருக்காம்: மூண்டு வருசம் லிபரல் ஆர்ட்ஸ் கொலிஜ் (கலையும் விஞ்ஞானமும் கலந்து படிப்பிக்கிற இடம்), பிறகு ரெண்டு வருசம் எஞ்சினியரிங் பள்ளி, முடிவில ரெண்டு பட்டம். எங்கட பிள்ளையளுக்கு இது சரிவருமோ? இல்லாட்டி கிளிநொச்சியில எஞ்சினியரிங் படிச்சுக்கொண்டே கலைப்பாடம் ஏதும் எடுக்கேலுமோ? வெளியில படிச்சிட்டு வந்தால் இங்க எஞ்சினியராப் பதியலாமோ?

பதில் 1: சங்கரத்தை_வாசி

3+2 இருக்கிறது உண்மை. கொலம்பியா, சென்ற் லூயிஸிலுள்ள வோஷிங்டன் பல்கலைக்கழகம் போன்றவை பல சிறிய கொலிஜ்களுடன் இதற்கான ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. முதல் கொலிஜ் பீ.ஏ. தரும், இரண்டாவது இடம் பீ.எஸ். தரும்.

இது பெரும்பாலும் சறுக்குவது பாட ஒழுங்கில்தான். மூன்றாம் வருட முடிவுக்குள் பலமாறி நுண்கணிதம் வரை, வகையீட்டுச் சமன்பாடு, நுண்கணிதம் சேர்ந்த பௌதிகவியல் இரண்டு செமஸ்ரர் (இயக்கவியல், மின்காந்தவியல்), ஆய்வுகூடத்தோடு இரசாயனவியல், ஒரு புரோகிராமிங் பாடம் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அதே மூன்று வருடத்துக்குள் கொலிஜின் பொதுப் பாடங்களும், பீ.ஏ.க்கான பிரதான பாடத்தில் பெரும் பகுதியும் முடிய வேண்டும். வரலாற்றைப் பிரதான பாடமாக எடுத்தால் இந்தக் கணிதமும் பௌதிகவியலும் முழுதும் மேலதிகச் சுமை. அதனால்தான் இந்த வழியில் போகிறவர்களில் அதிகம் பேர் பௌதிகவியலையோ கணிதத்தையோ பிரதானமாக எடுக்கிறார்கள்.

சிறிய கொலிஜில் சில பாடங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். இரண்டாம் வருடத்தில் வகையீட்டுச் சமன்பாடு நடக்கவில்லையென்றால், அதை நம்பியிருக்கும் பாடங்கள் எல்லாம் தள்ளிப்போய் 3+2 என்பது 4+2 ஆகிவிடும். வரலாற்றுப் பாடங்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. இடைக்கால ஐரோப்பாவை இந்த வருடமும் படிக்கலாம், அடுத்த வருடமும் படிக்கலாம். நிலையியல் முடிக்காமல் கட்டமைப்புப் பகுப்பாய்வுக்குள் நுழைய முடியாது. ஆகவே முதல் செமஸ்ரரிலிருந்தே கணிதமும் பௌதிகவியலும் இடைவிடாமல் ஓட வேண்டும். கலைப்பாடங்களை மிச்ச இடைவெளிகளில் போடலாம்.

காசு விசயம்: முதல் கொலிஜ் தரும் நிதியுதவி இரண்டாவது இடத்துக்குக் கூடவே வராது. அங்கே புதிதாக விண்ணப்பித்து வாங்க வேண்டும், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அது கிடைப்பது அரிது. இரண்டு பட்டம் எடுத்தாலும் இரண்டுமே இளமாணி மட்டம் என்பதால், படிப்புக்குப் பிறகு வேலை செய்ய விடும் ஓ.பீ.ரீ. 12 மாதம் ஒருமுறைதான். எஞ்சினியரிங் பட்டத்துக்கான 24 மாத நீடிப்பு அதற்கு மேல்.

இடம் மாறாமல் ஒரே கொலிஜில் முடிப்பது பல மடங்கு நிம்மதி. அமெரிக்காவின் ஸ்வாத்மோர் கொலிஜில் பட்டத்துக்கு 32 கோர்ஸ். அதில் எஞ்சினியரிங் 12, கணிதமும் விஞ்ஞானமும் 8. மிச்சம் 12 கோர்ஸ் கைவசம், வரலாற்றை ஓரளவு ஆழமாகவே படிக்க அது காணும். பெண் பிள்ளை என்றபடியால் ஸ்மித் கொலிஜையும் பாருங்கள். மகளிர் கொலிஜ், எஞ்சினியரிங் பட்டமும் தருகிறது.

பதில் 2: பாலம்_கட்டுபவன்

கடைசிக் கேள்விக்கு. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இலிருந்து வோஷிங்டன் அக்கோட்டில் (பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று மதிக்கும் உடன்படிக்கை) முழு உறுப்பு. அமெரிக்காவில் பொறியியல் பட்டங்களை அங்கீகரிக்கும் அபெற் அமைப்பு, கனடா, ஆஸ்திரேலியா எல்லாம் அதே உடன்படிக்கைக்குள் இருப்பதால் அங்கே அங்கீகரித்த பட்டத்தை இங்கே மதிப்பார்கள். இங்கே தொழில் செய்ய 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி பொறியியல் பேரவையிலும் பதிய வேண்டும்.

கவனம்: அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு இல்லை, குறிப்பிட்ட பட்டத்துக்கு. அமெரிக்காவின் டாட்மத் கொலிஜில் எஞ்சினியரிங் சயன்ஸ் ஏ.பீ. (பீ.ஏ.யின் இன்னொரு பெயர்) எடுத்தால் அது மட்டும் அபெற் அங்கீகாரம் பெற்ற பட்டம் ஆகாது. அதன் மேல் எடுக்கிற பீ.ஈ. எண்ட எஞ்சினியரிங் பட்டம்தான் கணக்கு. லஃபாயெற் கொலிஜின் 'எஞ்சினியரிங் ஸ்ரடீஸ்' ஏ.பீ.யும் அப்பிடித்தான், பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. சேர முதல் அபெற் தளத்தில் அந்தப் பட்டத்தின் பெயரைத் தேடிப் பாருங்கோ.

ரொறன்ரோவில சொந்தம் இருந்தால் ஹமில்ரனிலுள்ள மக்மாஸ்ரர் நல்ல தெரிவு. 'எஞ்சினியரிங் அன்ட் சொசைற்றி' எண்டு ஐந்து வருசப் பட்டம், சிவிலுக்கும் இருக்கு. மேலதிக வருசத்தால கலை, சமூக விஞ்ஞானப் பாடங்களுக்கும் இடம் கிடைக்கும்.

பதில் 3: நல்லூர்_நூலகன்

இங்கேயே படிக்க நினைத்தால்: யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில், கலைப்பீடம் திருநெல்வேலியில். நடுவில் ஏ9 வழியாக அறுபது கிலோமீற்றருக்கு மேல். காலையில் சர்வே களப்பயிற்சி, மத்தியானம் திருநெல்வேலியில் வரலாற்று விரிவுரை என்பது நடக்காத காரியம். ஒரே நேரத்தில் இரண்டு உள்வாரிப் பட்டத்துக்குப் பதியவும் முடியாது.

நடைமுறையில் செய்யக்கூடியது, எஞ்சினியரிங்கை முடித்துவிட்டுத் திறந்த பல்கலைக்கழகத்தில் சமூக விஞ்ஞான பீ.ஏ. அதற்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையம் இருக்கிறது. படிக்கும்போதே பதிய விரும்பினால் முதலில் பீடத்தின் பதிவாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், காசு கட்டுவது பிறகு. பரீட்சைகள் ஒரே கிழமையில் வந்தால் ஒன்று கட்டாயம் அடிபடும்.

கலையையும் விஞ்ஞானத்தையும் சேர்த்துப் படிப்பது ஏதோ மேலைநாட்டுப் புது மோகம் என்று சிலர் சொல்லுவார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் தமிழ், ஆங்கிலம், கணிதம், வானியல் எல்லாவற்றையும் ஒரே மாணவர்கள்தான் படித்தார்கள். தொல்காப்பியம் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர்.

கேட்டவர்: மானிப்பாய்_அக்கா

நன்றி. அப்ப ஒரே கொலிஜில முடிக்கிற வழியைத்தான் பாக்கிறம். பெறுபேறு வர முதலே விண்ணப்பிக்கலாமோ? ஏ.எல். பாடங்களைக் கணக்கில எடுப்பினமோ?

பதில் 4: சங்கரத்தை_வாசி

விண்ணப்ப முடிவுத் திகதி பெரும்பாலும் நவம்பரிலிருந்து ஜனவரிக்குள். பெறுபேறு வராவிட்டால் பாடசாலை தரும் எதிர்பார்ப்புப் புள்ளிகளோடு அனுப்பலாம். வந்ததும் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து ஆங்கிலத்தில் சான்றிதழ் எடுத்து அனுப்புங்கள்.

ஏ.எல். பாடங்களுக்குக் கிரெடிற் தருவது கொலிஜுக்குக் கொலிஜ் மாறும். இணைந்த கணிதத்தின் பாடத்திட்டத்தை ஆங்கிலத்தில் இணைத்துவிட்டு, நிலைப்படுத்தற் பரீட்சை (எந்த மட்டத்தில் தொடங்கலாம் என்று பார்ப்பது) இருக்கிறதா என்று கேளுங்கள். முதல் நுண்கணிதப் பாடத்தைத் தாண்டவிட்டால் அந்த இடத்தில் ஒரு வரலாற்றுப் பாடம் போடலாம். பலமாறி நுண்கணிதம் மட்டும் எங்கள் ஏ.எல்.இல் இல்லை, அதை அங்கே போய்த்தான் படிக்க வேண்டும்.

3+2 கொலிஜ் ஏதாவது தேடிவந்து ஆசை காட்டினால் ஒன்று கேளுங்கள்: போன ஐந்து வருடத்தில் எத்தனை பேர் உண்மையில் எஞ்சினியரிங் பள்ளிக்கு மாறினார்கள், அதில் வெளிநாட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு அங்கே நிதியுதவி கிடைத்ததா என்று. மின்னஞ்சலில் கேட்டு மின்னஞ்சலிலேயே பதில் வாங்குங்கள்.