500 யூனிட்டுக்குள் நிற்பதா, மாடியில் சோலார் போடுவதா? கோடையில் இரண்டு மாதத்துக்கு 640 யூனிட் வருகிறது

மேடவாக்கத்துக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். சென்னை மேடவாக்கத்தில் தனி வீடு, இரண்டு பெட்ரூம், சொந்த மொட்டைமாடி, சிங்கிள் ஃபேஸ். கோடையில் இரண்டு பில் 640 யூனிட்டை ஒட்டி வருகிறது. மீதி நான்கு பில்லும் 400 பக்கம். 1.5 டன் 3 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி ஒன்று, ராத்திரி 8 மணி நேரம், 22 டிகிரியில் ஓடும். பழைய ஃபேன் நான்கு, அதில் மூன்று கிட்டத்தட்ட நாள் முழுக்கச் சுற்றும். சம்ப்பிலிருந்து தண்ணீர் ஏற்ற 1 எச்பி மோட்டார்.

கேட்க வந்தது நான்கு. லண்டனில் இருக்கும் மச்சான் அங்கே கரண்ட் பில்லுக்கு உச்சவரம்பு உண்டு என்கிறார்; இங்கே அப்படி ஒரு திட்டத்துக்கு மாற முடியுமா? 500ஐத் தாண்டினால் இலவச 100 யூனிட்டும் போய்விடும் என்பது உண்மையா? மாடி அறைக்கு இன்னொரு சர்வீஸ் வாங்கிப் பிரித்துவிடலாமா? இல்லை, பேசாமல் 3 கிலோவாட் சோலார் போட்டுவிடலாமா?

ஸ்லாப்கணக்கு:
மச்சான் சொல்வதில் பாதிதான் சரி. அங்கே ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு 2019 ஜனவரியிலிருந்து வரம்பு வைக்கிறது. அந்த வரம்பு ஒரு யூனிட்டின் விலைக்கும் தினசரி நிலைக் கட்டணத்துக்கும்தான், மொத்த பில்லுக்கு இல்லை. கூடுதலாக எரித்தால் கூடுதலாகக் கட்ட வேண்டும். விலையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். நமக்கு வீட்டு இணைப்புக்கு ஒரே விலைப்பட்டியல், மாறிக்கொள்ள வேறு திட்டம் கிடையாது. இங்கே இருக்கும் ஒரே வரம்பு 500. அதையும் நீங்களேதான் காக்க வேண்டும்.

2024 ஜூலையில் வந்த விலைப்படி (இரண்டு மாதத்துக்கு): மொத்தம் 500க்குள் இருந்தால் முதல் 100 இலவசம், 101–200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201–400 வரை 4.70, 401–500 வரை 6.30. 500ஐத் தாண்டினாலும் முதல் 100 இலவசம்தான், அது எங்கேயும் போகாது. போவது 2.35 என்ற சலுகை விலை. 101இலிருந்து 400 வரை முழுக்க 4.70 ஆகிவிடும். அதன் பிறகு 501–600 வரை 8.40, 601–800 வரை 9.45.

கணக்குப் போட்டால் 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய், 501க்கு 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு! உங்கள் 640க்கு 3,258. 640இலிருந்து 500க்கு இறங்கினால் 140 யூனிட்டுக்கு 1,453 ரூபாய் மிச்சம், அதாவது யூனிட்டுக்குப் பத்து ரூபாய்க்கு மேல். அதே 140ஐ மழைக்காலத்தில் 400இலிருந்து குறைத்தால் 658 ரூபாய்தான் மிஞ்சும். எனவே உங்கள் முழு கவனமும் அந்த இரண்டு கோடை பில் மேல் இருந்தால் போதும்.

மொட்டைமாடி:
இரண்டாவது சர்வீஸ் யோசனையை விட்டுடுங்க. ஒரே வீட்டுக்குள்ள ஒரே குடும்பத்துக்கு ரெண்டு மீட்டர் தரமாட்டாங்க. மாடி தனிக் குடியிருப்பா இருக்கணும். தனி வாசல், தனி சமையலறை, கீழ் வீட்டு வயரிங்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத தனி வயரிங் இருக்கான்னு வந்து பார்ப்பாங்க. வெறும் ஒரு அறைக்கு வாங்கினா பின்னாடி ஆய்வுக்கு வரும்போது ரெண்டையும் ஒண்ணா இணைச்சுடுவாங்க. நிஜமாகவே மாடியில் வாடகைக்கு ஆள் வைக்கிறதா இருந்தா வேற கதை, அப்ப தனி சர்வீஸ்தான் ரெண்டு பேருக்கும் நல்லது.

வயரிங்பெட்டி:
சோலாருக்குப் போகும் முன் வீட்டில் எது எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். கருவி எதுவும் வேண்டாம், மீட்டரே சொல்லும்.

மீட்டர் முகப்பில் சிவப்பு விளக்கு ஒன்று துடிக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். பல வீட்டு மீட்டர்களில் அது 3200. அப்படியானால் 1125ஐ இரண்டு துடிப்புக்கு இடையே உள்ள வினாடிகளால் வகுத்தால் வாட் கிடைக்கும். ஏசி மட்டும் ஓடும்போது பத்து துடிப்புக்கு 8 வினாடி ஆனால், துடிப்புக்கு 0.8 வினாடி, சுமார் 1,400 வாட். உங்கள் மீட்டரில் 1600 என்று இருந்தால் 1125க்குப் பதில் 2250.

முதல் சோதனை: எல்லா ஸ்விட்சையும் அணையுங்கள், ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்குங்கள். விளக்கு துடிக்கவே கூடாது. துடித்தால் மெயினையும் இறக்கிப் பாருங்கள். அப்போதும் துடித்தால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் யாரோ இழுக்கிறார்கள். அடுக்குமாடிகளில் பொது மோட்டாரோ படிக்கட்டு விளக்கோ ஒரு வீட்டு மீட்டரில் மாட்டியிருப்பது அப்படித்தான் தெரியவரும். மெயின் இறக்கியதும் நின்றால் கோளாறு உங்கள் வீட்டுக்குள்.

அடுத்து ஃபேன். பழையது 75 வாட், பிஎல்டிசி (கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் ஃபேன்) 30 வாட் பக்கம். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். மூன்று மாற்றினால் 120. நான்காவதை விடுங்கள், அதிகம் ஓடாத ஃபேனை மாற்றுவது வீண் செலவு. மாட்டும்போது சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேராக இணைக்கச் சொல்லுங்கள். ரெகுலேட்டர் வழியாக ஓட்டினால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு சீக்கிரம் போய்விடும். "ஃபேன் மட்டமான ஃபேன்" என்று திட்டுபவர்களில் பாதிப்பேர் வீட்டில் ரெகுலேட்டர் இன்னும் சுவரில்தான் இருக்கும்.

ஏசி: ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் குறையும். 22ஐ 26 ஆக்கி ஃபேனையும் போட்டுக்கொண்டால் கால்வாசி குறையும். 8 மணி நேரம், மணிக்குச் சராசரி 0.7 யூனிட் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 336. அதில் கால்வாசி 80 யூனிட்டுக்கு மேல். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். வெளி யூனிட் குறுகிய சந்தில் எதிர்ச்சுவரைப் பார்த்து மாட்டியிருந்தால் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். அதற்கு டிகிரியை ஏற்றி இறக்கிப் பயனில்லை, இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

ரீடிங்தேதி:
ஒன்று விட்டுப்போயிற்று. ஸ்லாப் (விலைப் படி) யூனிட்டைப் பார்க்கும், எத்தனை நாள் என்று பார்க்காது. தினம் 8.2 யூனிட் ஓடும் வீட்டில் 60ஆம் நாள் ரீடிங் எடுத்தால் 492, பில் 1,754.60. அதுவே 63ஆம் நாளுக்குத் தள்ளிப்போனால் 517, பில் 2,182.80. மூன்று நாளில் 428 ரூபாய். அதனால் 500க்குக் குறிவைக்காதீர்கள், 470க்கு வையுங்கள்.

ரீடிங் எடுத்த அன்றே தேதி தெரிய மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரையில் நான்கைந்து எண்கள் மாறி மாறி வரும், கிலோவாட் மணி (kWh) என்று குறி உள்ளதை மட்டும் எடுங்கள். அந்த எண்ணிலிருந்து 30ஆம் நாள் 235, 45ஆம் நாள் 350 கூடியிருந்தால் சரியான தடத்தில் இருக்கிறீர்கள். 57ஆம் நாள் 485இல் நின்றால் மூன்று ராத்திரி ஏசி இல்லாமல் படுங்கள், 243 ரூபாய்க்கு அது தகும். ஏற்கனவே 520 ஆகிவிட்டதா, வியர்க்க வேண்டாம். அதன்பின் மிச்சம் யூனிட்டுக்கு 8.40 மட்டும்தான். ரீடிங் எடுக்க ஆள் வராமல் நாள் ஓடினால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987இல் பதிவு செய்து புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

உப்புக்காற்று:
சோலார் பற்றி. பலரும் 3 கிலோவாட் என்றே ஆரம்பிப்பது மானியத்தால்தான்: பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3க்கும் மேலும் 78,000. ஆனால் சோலார் உங்கள் பில்லில் விலை உயர்ந்த யூனிட்டை முதலில் கழிக்கிறது, மலிவானதைக் கடைசியில்.

சென்னையில் 1 கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 தரும். 640 பில் 400 ஆகும்: 3,258இலிருந்து 1,175. 400 பில் 160 ஆகும்: 1,175இலிருந்து 141. ஆண்டுக்கு 8,300 ரூபாய் மிச்சம். 3 கிலோவாட் போட்டு எல்லா பில்லும் பூஜ்யமே ஆனாலும் ஆண்டுக்கு மிச்சம் 11,216. கூடுதல் இரண்டு கிலோவாட்டும் சேர்ந்து சம்பாதிப்பது மூவாயிரத்துக்கும் குறைவு. மேலே சொன்ன ஃபேன், ஏசி வேலையை முதலில் முடித்தால் சோலாருக்குக் கழிக்க இன்னும் மலிவான யூனிட்தான் மிஞ்சும். ஆகவே இப்போதைக்குப் போடாதீர்கள். மின்சார ஸ்கூட்டர், இரண்டாவது ஏசி என்று வரும்போது மறுபடி கணக்குப் போடுங்கள்.

போடுகிற காலத்தில்: கிலோவாட்டுக்கு 100 சதுர அடி நிழலில்லாத இடம், மானியத்துக்கு உள்நாட்டு செல் கொண்ட பேனல், உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்துப் பூச்சு ஏற்றிய தாங்கி, துருப்பிடிக்காத போல்ட். கடலை ஒட்டிய திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் என்றால் போல்ட் 316 தர எஃகாக இருக்கட்டும். 2016 வர்தா புயலை மனதில் வைத்துத் தாங்கியைத் தளத்தோடு பிணைக்கச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலின் மூலையில் விழுந்தாலும் உற்பத்தி நன்றாகவே அடிவாங்கும். இன்னொன்று, கரண்ட் போனால் பேட்டரி இல்லாத சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக அப்படி.

மேடவாக்கத்துக்காரன்:
எல்லாவற்றையும் அணைத்துப் பார்த்தேன். மீட்டரில் 3200 என்று இருக்கிறது. ஃபிரிட்ஜும் இல்லாமல் 9 வினாடிக்கு ஒருமுறை துடிக்கிறது. மெயின் இறக்கினால் நின்றுவிடுகிறது. விட்டுப்போனது ஹாலில் இருக்கும் யுபிஎஸ் மட்டும்தான். பேட்டரி 150 ஏஎச், வாங்கி ஐந்து வருடம்.

வயரிங்பெட்டி:
1125ஐ 9ஆல் வகுத்தால் 125 வாட். நாளுக்கு 3 யூனிட், இரண்டு மாதத்துக்கு 180! மின்தடை முடிந்து அரை நாளாவது கழித்துத்தானே பார்த்தீர்கள்? உடனே பார்த்தால் சார்ஜ் ஏறும் நேரம் அது, கணக்கில் சேராது.

அப்படி இல்லையென்றால் பேட்டரியில் ஒரு அறை (செல்) செத்திருக்கும். எவ்வளவு ஏற்றினாலும் நிரம்பாது, யுபிஎஸ் ஏற்றிக்கொண்டே இருக்கும். ஆறு மூடியில் ஒன்றில் மட்டும் தண்ணீர் சீக்கிரம் குறைகிறதா, பக்கவாட்டைத் தொட்டால் சுடுகிறதா பாருங்கள். யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கி இரண்டு மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் பாருங்கள். நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் நிற்கும், 10.5 பக்கம் இருந்தால் ஓர் அறை போய்விட்டது. சுட்டாலோ அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ இன்றே கழற்றி ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் விளக்கேற்ற வேண்டாம்.

புதிய பேட்டரி போட்டாலும் யுபிஎஸ் தனக்கென்று 20 வாட் எடுக்கும், ஆகவே 180 முழுக்கத் திரும்பாது, 150 வரும். 640 போய் 490. ரீடிங்தேதி சொன்ன 470க்கு இன்னும் 20 பாக்கி. அதற்கு ஏசியை 24இல் வைத்தாலே போதும், ஃபேனைத் தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளலாம்.